தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தில் இறங்கியவர்கள்

நகரத்திலிருந்து எங்கள் பக்கத்துக்கு இரண்டு ரயில் பாதைகள். ஒன்றாகக் கிளம்பி, பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட பங்காளிகள் மாதிரி ஒன்று கிழக்கே போய்விடும், மற்றது மேற்கே. கிழக்கு ஸ்டேஷனில் இருப்பவர் மேற்கு ஸ்டேஷனுக்கு வர வேண்டுமானால் ரயிலில் நகரத்துக்கே திரும்பிப் போய், பாதை மாறி, மறுபடி வர வேண்டும். அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்பவர்கள் எழுபத்திரண்டில் ஏறுவார்கள். எழுபத்திரண்டு என்பது இரண்டு ஸ்டேஷன்களையும் இணைக்கும் பஸ். என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, அதில் கண்டக்டர்.

பெரியம்மாவுக்கென்று தனியாக ஒரு கதை கிடையாது. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே பெரியப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் டிப்போவில் மெக்கானிக்காக இருந்ததால், அந்த வேலைக்குப் பதிலாக இவளிடம் ஒரு தோல்பையையும் விசிலையும் கொடுத்தார்கள். அதோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பாவுக்கு எப்போதும் வெளியூர் வேலை. விருந்தாளி மாதிரி வந்துபோவார். ஆகவே மேற்கு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி யாராவது ஆரம்பித்தால், "நாள் பூரா ஊரையே ஏத்தி இறக்கிட்டு வரேன். வீட்டுலயும் ஒருத்தனை ஏத்திக்கணுமா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

எழுபத்திரண்டு பிறந்தது ஒரு சோப்புத் தொழிற்சாலையில். தொழிற்சாலை கிழக்கே இருந்தது, வேலைக்காரர்கள் மேற்கே இருந்தார்கள். அவர்களை அள்ளிக்கொண்டு வர முதலாளி ஒரு வேன் விட்டார். வேனில் தொழிலாளிகளோடு அவர்களுடைய மாமனார்களும் மைத்துனர்களும் ஏற ஆரம்பித்தார்கள். கடைசியில் தொழிலாளிகளுக்கே இடமில்லை என்று ஆனபோது முதலாளி கையைக் கழுவிக்கொண்டார். பஸ் கம்பெனி எடுத்துக்கொண்டது.

நேர்ச் சாலையில் ரயில் பாலம் ஒன்று தாழ்வாக இருந்தது. வேன் நுழைந்த இடத்தில் பஸ் நுழையவில்லை. அதனால் பஸ் வடக்கே ஒரு சுற்றுச் சுற்றிப் போயிற்று. பிற்பாடு பாலத்தை உயர்த்திவிட்டார்கள். பஸ்ஸிடம் அதை யாரும் சொல்லாததால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சுற்றுப் பாதையின் நடுவில், காலி மனைகளுக்கு மத்தியில், நாலு காலில் நிற்கும் பெரிய தண்ணீர்த்தொட்டி ஒன்று. அதன் நிழலில் ஒரு பஞ்சர் கடை. பழைய வண்டிகள் அந்த இடம் வருவதற்குள் கொதித்துவிடும். டிரைவர் நிறுத்தி, தொட்டிக் குழாயில் தண்ணீர் பிடித்து ரேடியேட்டருக்கு ஊற்றுவார். வண்டிதான் எப்படியும் நிற்கிறதே என்று கம்பெனி அங்கே ஒரு போர்டு நட்டது. கட்டணத்தை இரண்டு ஸ்டேஜாகப் பிரிக்கவும் ஒரு இடம் வேண்டியிருந்தது. அதற்கும் அந்தப் போர்டே போதுமானதாக இருந்தது. மற்றபடி தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தில் ஏறுவாரும் இல்லை, இறங்குவாரும் இல்லை. பஞ்சர் கடைக்காரர் ஒருவர்தான் அங்கே ஜனத்தொகை. அவரும் சைக்கிளில் வந்து போகிறவர்.

இப்போது டிக்கெட் விஷயம். இது கொஞ்சம் விளங்கினால்தான் பிற்பாடு நடந்தது விளங்கும்.

ஒரு ஸ்டேஜுக்குப் பச்சை டிக்கெட், இரண்டு ஸ்டேஜுக்கும் சேர்த்து மஞ்சள் டிக்கெட். எழுபத்திரண்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஸ்டேஷன் விட்டு ஸ்டேஷன் போகிறவர்கள், ஆகவே எல்லாருக்கும் மஞ்சள்தான் வேண்டும். ஆனால் ஆபீஸில் பாரபட்சம் கிடையாது. பச்சை எத்தனை கட்டோ மஞ்சளும் அத்தனை கட்டு. மத்தியானத்துக்குள் மஞ்சள் தீர்ந்துவிடும், பச்சை பையில் அப்படியே தூங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் பெரியம்மா, மஞ்சள் தீர்ந்துபோன கடுப்பில், ஆளுக்கு இரண்டு பச்சையாகக் கிழித்துக் கொடுத்துவிட்டாள். தொட்டி வரைக்கும் ஒன்று, தொட்டியிலிருந்து ஒன்று. கணக்கு சரியாகத்தான் வந்தது, பரிசோதகரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம்தான் அவளுக்கு அதில் ஒரு சௌகரியம் தெரிந்தது. மஞ்சளில் ஏறின இடத்துக்கு ஒரு துளை, இறங்கும் இடத்துக்கு ஒரு துளை போட்டாக வேண்டும். பச்சைக்குத் துளையே வேண்டாம், கிழித்தால் போதும். ரயில் வருவதற்கு முன்பே படிக்கட்டில் உட்கார்ந்து பச்சையை இரண்டு இரண்டாக மடித்து விரலிடுக்குகளில் சொருகிக்கொள்வாள். ரயில் கூட்டம் திமுதிமுவென்று வந்து ஏறும்போது எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. முதல் திருப்பம் வருவதற்குள் பஸ் முழுக்க டிக்கெட் போட்டு முடித்துவிட்டு, கம்பியில் சாய்ந்துகொண்டு ஜனங்களோடு வம்பளக்க ஆரம்பித்துவிடுவாள். மற்ற கண்டக்டர்களும் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். டிப்போவில் அதற்கு 'ஜோடி போடுவது' என்று பெயர். பயணிகளுக்கும் அது பழகிவிட்டது. தனியாக வந்த மனிதர் "கண்டக்டரம்மா, எனக்கொரு ஜோடி" என்று கையை நீட்டுவார். புதிதாக ஏறியவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

பிறகு மெஷின் வந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவர், "எங்க இறங்கறாங்களோ அந்த ஸ்டாப்பை அமுக்குங்க, அவ்வளவுதான்" என்றார். அவருக்கு அவ்வளவுதான். மெஷினில், வழியில் பேருக்கு இருந்த குட்டி நிறுத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டிக் கடைசி ஸ்டாப்புக்குப் போக விரல் தேயத் தேய அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே போக வேண்டும். பெரியம்மா ஒரு காலை முழுக்க நியாயமாக அமுக்கிப் பார்த்தாள். பஸ் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேருக்கு டிக்கெட் ஆகவில்லை. எல்லாரையும் வாசலில் மறித்து வைத்துக்கொண்டு அவள் அமுக்கிக்கொண்டிருக்க, எதிரே ரயில் அவர்களை விட்டுவிட்டுக் கிளம்பிப் போயிற்று. அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது அவளுக்கு ஜென்மத்துக்கும் போதும். அடுத்த ட்ரிப்பிலிருந்து மறுபடி ஜோடிதான். அடுத்த ஸ்டேஜ் என்று மெஷின் தானாகவே தொட்டியைக் காட்டும். அதையே இரண்டு தட்டு தட்டினால் இரண்டு சீட்டு வந்துவிழும்.

"இதுக்கு என்ன தெரியும், நாம சொல்றதுதான்" என்பாள் மெஷினைப் பற்றி. வாஸ்தவம்தான். ஆனால் அவள் சொன்னதை அது தினமும் தலைமை ஆபீஸில் போய் ஒப்பித்துக்கொண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

சில வருஷங்கள் கழித்துத் திட்ட அதிகாரி ஒருவர் டிப்போவுக்கு வந்தார். நல்ல மனிதர். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். சுவரில் எழுபத்திரண்டின் வரைபடத்தைப் படமாகக் காட்டினார். இரண்டு முனைகளிலும் இரண்டு சின்னப் புள்ளிகள். நடுவில், தண்ணீர்த்தொட்டி இருக்கும் இடத்தில், பானை அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம்.

"இந்த ரூட்டோட இதயமே இங்கதான் இருக்கு" என்றார். "கிழக்கேர்ந்து வர்ற அத்தனை பேரும் இங்க இறங்கறாங்க. மேற்கேர்ந்து வர்றவங்களும் இங்கதான் இறங்கறாங்க. முழுத் தூரம் போறவங்கன்னு அநேகமா யாருமே இல்ல."

எழுபத்திரண்டின் மூத்த டிரைவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். எந்த அவசரத்துக்கும் அசைந்துகொடுக்காதவர். அவரே எழுந்து நின்றுவிட்டார். "சார், அங்க ஒரு பஞ்சர் கடைதான் இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன். இத்தனை ஜனம் இறங்கற இடத்துல ஒரு நிழற்குடை கூடக் கிடையாது!" என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்தோடு.

டிப்போவே சிரித்தது. அவர் பின்னும் உற்சாகமாகி, அங்கே ஒரு பஸ் நிலையம் கட்டப்போவதாகவும், எழுபத்திரண்டை அந்த இடத்தில் இரண்டாக வெட்டி, ஏ வண்டி கிழக்குப் பாதிக்கும் பி வண்டி மேற்குப் பாதிக்கும் தனித்தனியாக ஓடும் என்றும் விளக்கினார். அன்றிலிருந்து அவருக்கு 'வட்டம் சார்' என்று பெயர் வந்தது. பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வட்டம் எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் அப்போதே உறைத்தது. வாங்கின டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு வந்தாள்.

அவள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் அவளுடைய முட்டி. இத்தனை வருஷம் ஓடுகிற வண்டியில் நின்று நின்று இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன. இனி நின்றால் நடக்கவே முடியாமல் போகும், உட்கார்ந்து செய்கிற வேலை பார்த்துக்கொள் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். கண்டக்டருக்கு உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் ஒன்றே ஒன்றுதான்: டைம் கீப்பர். பஸ் நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து, வண்டி கிளம்ப விசில் கொடுக்கிற உத்தியோகம். அதற்கு அவள் பெயர் போயிருந்தது, உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி. இந்த நேரத்தில் போய், இறங்காத இடத்துக்கு வருஷக்கணக்காக டிக்கெட் போட்டேன் என்றால் நாற்காலி கைநழுவிப் போகும். இறங்கும் இடத்துக்குத்தான் டிக்கெட் தர வேண்டும் என்பது விதி. யாரும் கேட்காதவரை அது ஒரு விதியே இல்லை. கேட்டால் தலை போகிற விதி.

அன்று சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கிழக்கே ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க அங்கே துணி மடித்துவிட்டு வீட்டுக்கு வந்தும் மடிப்பாள். பெரியம்மா டிப்போவில் நடந்ததைச் சொல்ல, அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தொட்டிகிட்டயா? அங்க யாரு இறங்கறா?"

"யாரும் இறங்கல" என்றாள் பெரியம்மா. "மெஷின்ல நான்தான் இறக்கிவிட்டேன்."

விஷயம் புரிய அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு நின்றது. பஸ்ஸை நடுவில் வெட்டினால் முதலில் வெட்டுப்படப் போவது அவள்தான். அவளுக்கு முதல் ஷிஃப்ட். அதிகாலை முதல் எழுபத்திரண்டைப் பிடித்தால்தான் மணி அடிப்பதற்குள் ஆஸ்பத்திரிக்குள் நுழைய முடியும். நடுவில் இறங்கி வண்டி மாறுவது என்றால் நடக்கிற காரியமில்லை.

"நாளைக்கே போய் சொல்லிடறேன்" என்றாள் பெரியம்மா.

"சொல்லி? உன்னை மறுபடி வண்டியில நிக்கவெச்சிடுவாங்க. ரெண்டு காலும் போனப்புறம் யார் தூக்கிட்டுத் திரியறது, நானா?"

"உன் வேலைடி..."

"என் வேலையை நான் பாத்துக்கறேன். நீ வாயை மூடிட்டு இரு. ஊர்ல யாருமே தப்பு பண்ணாத மாதிரி பெருசா கிளம்பிட்டா."

அக்கா தங்கைக்குள் யார் பேச்சு எடுபடும் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். எங்கள் வீட்டில் இளையவள் பேச்சுத்தான். பெரியம்மா சொல்லவில்லை.

பஸ் நிலையம் எழும்பிற்று. வழவழவென்று தரை, உயரமான கூரை, வரிசையாக இரும்புப் பெஞ்சுகள். பெரியம்மாவுக்கு உத்தரவு வந்தது: டைம் கீப்பர், தண்ணீர்த்தொட்டி பஸ் நிலையம். அந்த வட்டத்தின் நட்ட நடுவில் அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். மெத்தை வைத்த நாற்காலி, சுழல்வது. முதல் நாள் யாரும் பார்க்காதபோது ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்ததாக ஒத்துக்கொண்டாள். முட்டி வலி குறைந்துதான் போயிற்று. சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதை மறைப்பானேன்.

சந்தோஷம் முதல் பி வண்டி வரும்வரைக்கும்தான். மேற்கிலிருந்து வந்த வண்டி, பயணிகளைக் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டது. இறங்கினவர்கள் திருவிழாவில் தொலைந்தவர்கள் மாதிரி முழித்தார்கள். அந்தப் பக்கம் நிற்க வேண்டிய ஏ வண்டி அப்போதுதான் கிளம்பி, கண்ணெதிரே வளைவில் மறைந்தது. இது ஒருநாள் கதையல்ல. ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்கு மாறுகிறவர் யாருமில்லை என்று கணக்கே சொல்லியிருக்கும்போது, இரண்டின் நேரத்தையும் எதற்காகப் பொருத்த வேண்டும்? பி வண்டி மேற்கு ஸ்டேஷனில் ரயில் கூட்டம் வரும்வரை நின்று வரும், அதற்குள் ஏ வண்டி நேரப்படி போய்விடும். ஜனங்கள் கூண்டின் துவாரத்தில் வாயை வைத்துத் திட்டினார்கள். "எந்தப் புத்திசாலி பண்ண வேலை இது?" என்று ஒருவர் கேட்க, அந்தப் புத்திசாலி உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதிப் போட்டவர்களுக்கெல்லாம் ஆவன செய்யப்படும் என்று பதில் வந்தது. பிழைத்தவர் பஞ்சர் கடைக்காரர் ஒருவர்தான். அதுவரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர், பக்கத்திலேயே டீக்கடையும் போட்டு, சைக்கிள் நிறுத்துமிடமும் வைத்துவிட்டார். கொஞ்சம் தள்ளியிருந்த குடியிருப்புகளிலிருந்து ஆட்கள் அவரிடம் சைக்கிளைப் போட்டுவிட்டு ஏ வண்டியில் ஏறத் தொடங்கினார்கள்.

அம்மா முதல் பி வண்டியில் வந்து இறங்குவாள். நிற்காமல் ஓடுவாள். சில நாள் கிடைக்கும், பல நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் தூணுக்குப் பக்கத்தில் கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். "பாத்தா அவளுக்கு உறுத்தும்" என்று என்னிடம் சொன்னாள். நான் அப்போது கிழக்கே ஒரு காகிதக் கடையில் விற்பனைக்குச் சேர்ந்திருந்தேன். கடை திறக்க நேரம் இருந்தாலும் அம்மாவோடுதான் போவேன். அந்த முதுகையும் பார்ப்பேன், கூண்டுக்குள் இருந்த முகத்தையும் பார்ப்பேன். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வரும். ஒருத்தி சொல்லித் தொலைக்க மாட்டாள், இன்னொருத்தி சொல்ல விட மாட்டாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் வாய்மொழியாக எச்சரித்தார்கள். அப்புறம் கடைசி எச்சரிக்கை என்றே சொல்லிவிட்டார்கள்: இன்னொரு தரம் மணி அடித்தபின் வந்தால் வரவே வேண்டாம். அம்மா அதை வீட்டில் சொல்லவில்லை. கூட வேலை பார்ப்பவள் ஒருத்தி பஸ்ஸில் என் காதில் போட, நான்தான் அதைப் பெரியம்மாவிடம் போட்டுக்கொடுத்தேன்.

மறுநாளே பெரியம்மா லீவு போட்டுவிட்டுத் தலைமை ஆபீஸுக்குப் போனாள். வட்டம் சாரைப் பார்த்து, பச்சை டிக்கெட்டிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். வேலையைப் பறித்தாலும் சரி, பஸ்ஸை மறுபடி ஒன்றாக்கிவிடுங்கள் என்றும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

"இது போன வாரத்துக் கணக்கும்மா. ஒவ்வொருத்தரும் தண்ணீர்த்தொட்டியிலதான் இறங்கியிருக்காங்க. ஒருத்தர் கூட பாக்கியில்ல."

"பஸ்ஸே அங்க நின்னுடுதே சார். இறங்காம என்ன பண்ணுவாங்க?"

"சரி, இப்ப சைக்கிள்ல வந்து ஏறுறாங்களே, அவங்க? அது எப்படி?"

பெரியம்மா பொய்யாகப் போட்ட டிக்கெட்டுகளை எல்லாம் ஊர் இப்போது நிஜமாக்கிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார். "அங்க வேலை ஜாஸ்தின்னு தெரியுது. இடமாற்றம் வேணும்னா நேரடியாவே கேக்கலாமே, இப்படிச் சுத்தி வளைக்கணுமா?" என்றாராம். நாற்காலியைக் கொடுத்துவிடத் தயாராகப் போனவள், அதை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் திரும்பி வந்தாள். வந்தவள் நேரே படுத்துவிட்டாள். அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஒரு தப்பைச் செய்துவிட்டு, செய்தேன் என்று சொன்னால்கூட நம்ப ஆளில்லை என்பது சாதாரண அவமானமா?

அடுத்த நாள் காலை முதல் ஏ வண்டி கிளம்பத் தயாராக நின்றது. நிதானம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூண்டைப் பார்த்தார். விசில் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னம்மா, தூங்கிட்டீங்களா?"

"இருங்க. மேற்கு வண்டி வரட்டும்."

"டைம் ஆச்சே?"

"டைம் கீப்பர் நீங்களா நானா?"

நிதானத்துக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்தார். உள்ளே இருந்த சைக்கிள்காரர்களுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்களில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர், பாத்திரக் கடைக் கணக்குப்பிள்ளை, இறங்கி வந்து கூண்டைத் தட்டினார். "எவனோ வர்றதுக்கு நாங்க ஏம்மா நிக்கணும்?" பெரியம்மா தண்ணீர் குடித்தாள். பி வண்டி வந்தது. ஜனங்கள் இறங்கி ஓடி ஏ வண்டியில் ஏறினார்கள், நாங்களும்தான். அப்புறம்தான் விசில்.

அம்மாவுக்குத் தெரியாதா என்ன. அன்றைக்கு வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டாள். "எனக்காக நீ வண்டியை நிறுத்தாத. சீட்டு கிழிஞ்சிடும்."

"உனக்காகன்னு யாரு சொன்னா? அத்தனை பேரையும் அங்க கொண்டுபோய் விட்டது நான். அவங்க நடுத்தெருவுல நிக்க, நான் சேர்ல சுத்திக்கிட்டு இருக்கணுமா?"

"அப்ப உன் முட்டி?"

"அது என் முட்டி. நீ உன் துணியை மடி."

அந்த வீட்டில் பெரியம்மா பேச்சு எடுபட்டதை அன்றுதான் நான் பார்த்தேன்.

தினமும் இதே கதை நடந்தது. நாளாக ஆக, காத்திருக்கிறவர்களும் ஓடி வருகிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் வீட்டு விஷயத்தை இன்னொருவர் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்தார்கள். கணக்குப்பிள்ளையின் மாமியார் அம்மாவின் ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தார் என்பதும், போர்வை போதவில்லை என்பதும் அப்படித்தான் தெரியவந்தது. அம்மா சலவைப் பிரிவிலிருந்து ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தனுப்பினாள். ஆனால் கணக்குப்பிள்ளை கோபத்தில் எழுதிப்போட்ட புகார் அதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டது. அதில் இன்னும் பலர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஏ வண்டிகள் எல்லாம் தாமதம் என்று ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டார்கள். பெரியம்மா விளக்கவில்லை. விளக்கிப் பார்த்தவள்தானே. வருஷக்கணக்காக இல்லாத கூட்டத்தை இறக்கிவிட்டதற்கு ஒரு வார்த்தை சொல்லாத கம்பெனி, இருக்கிற கூட்டத்துக்காக ஒரு வண்டியை நிறுத்தியதற்கு அவளை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டது. பழையபடி கண்டக்டர், பி வண்டி. அம்மா அழுதாள். பெரியம்மா முட்டிக்கு இரண்டு உறை வாங்கி வந்து மாட்டிப் பார்த்தாள்.

அவளுடைய முதல் நாளில் நானும் அம்மாவும் அந்த வண்டியில் இருந்தோம். மேற்கு ஸ்டேஷனில் ரயில் வழக்கத்தைவிடத் தாமதம். கூட்டம் வந்து ஏறி, வண்டி கிளம்பியபோதே காரியம் கெட்டுவிட்டது என்று தெரிந்துவிட்டது. பெரியம்மா டிக்கெட் போட்டு முடித்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். அம்மா முன் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். புதிய டைம் கீப்பர் நேரத்தில் கில்லாடி என்று டிப்போ முழுக்கப் பேச்சு. ஏ வண்டி போயிருக்கும். அம்மாவின் வேலையும் அதோடு போயிருக்கும். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

வண்டி தொட்டியைச் சுற்றித் திரும்பியது. ஏ வண்டி நின்றுகொண்டிருந்தது.

புதிய டைம் கீப்பர் கூண்டை விட்டு வெளியே வந்து, கன்னம் உப்ப உப்ப விசில் அடித்துக்கொண்டிருந்தார். நிதானம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். படிக்கட்டில் ஆட்கள் தொங்கிக்கொண்டு, "மேற்கு வண்டி வரல சார், இருங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஏறியிருந்த யாரோ ஒருவர் வண்டி ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். "இங்க அப்படித்தாங்க. அவங்க வந்தாத்தான் எடுப்பாங்க" என்று உள்ளிருந்து பதில் வந்தது எங்களுக்கே கேட்டது.

அம்மா இறங்கி ஓடினாள். எல்லாரும் ஓடினோம். பெரியம்மா எங்கள் வண்டியின் படியில் நின்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏ வண்டியின் படியில், டைம் கீப்பருக்கு வழியை மறித்துக்கொண்டு நின்றிருந்தவர் அந்தப் பாத்திரக் கடைக் கணக்குப்பிள்ளை. அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டுவிட்டு, அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எதிரே பார்த்தார். பெரியம்மாவை அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஏம்மா!" என்று அங்கிருந்தே கத்தினார். "சேர்ல உக்காந்தும் எங்களை நிக்கவெச்சீங்க, இப்ப வண்டியில வந்தும் நிக்கவைக்கறீங்களே! நாளைக்காவது கொஞ்சம் சீக்கிரம் வரக்கூடாதா?"

"வரேங்க" என்றாள் பெரியம்மா. யூனிபார்ம் கையால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டாள்.